தங்கநிறப் பூச்சு ஒரு லாட்டில் நிற்கிறது, ஒரு லாட்டில் உரிகிறது: ஏன்?

குடந்தைப் பாத்திரம்

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பித்தளை, செம்பு, எவர்சில்வர் எல்லாம் உண்டு. இப்போது சில வருடங்களாகத் தங்கநிற எவர்சில்வர் நன்றாகப் போகிறது. தட்டு, சொம்பு, பூஜைத் தாம்பாளம், சின்னக் குத்துவிளக்கு. மொத்த வியாபாரி தரும்போதே "இது முலாம் இல்லைங்க, பி.வி.டி., டைட்டானியம். ஆயுசுக்கும் போகாது" என்று சொல்லித்தான் தருகிறார்.

ஒரு லாட் அவர் சொன்னபடியே இருக்கிறது. கம்பி நாரால் தேய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்து வந்த லாட்டில் வேளாங்கண்ணிப் பக்கம் வாங்கிப் போனவர்கள் விளக்கைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார்கள். தட்டின் அடிப்பக்கம் சுருள் சுருளாக உரிந்திருக்கிறது. இரண்டு லாட்டும் ஒரே நிறம், ஒரே விலை. கனம் குறைத்துப் போட்டுவிட்டார்களா? அடுத்த ஆர்டரில் இரண்டு மடங்கு கனமாகப் போடச் சொன்னால் சரியாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மென்படலம்

அண்ணே, நான் திருவையாறு. இந்த மாதிரிப் படலங்களை வெற்றிட அறையில் போட்டுப் போட்டு அளப்பதுதான் என் வேலை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கனமாகப் போடச் சொல்லாதீர்கள், பெரும்பாலும் இன்னும் சீக்கிரம்தான் உரியும். ஏன் என்று கீழே வருகிறேன்.

பி.வி.டி. என்பது வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கியோ தெறிக்கவிட்டோ பாத்திரத்தின் மேல் படியவைப்பது. உங்கள் பாத்திரத்தில் இருக்கும் தங்கநிறம் டைட்டானியம் நைட்ரைடு, அதாவது டைட்டானியமும் நைட்ரஜனும் சேர்ந்தது. தங்கம் ஒரு பொட்டுகூட இருக்காது. கனம் ஒரு மைக்ரானுக்குள்ளோ ஒன்றிரண்டு மைக்ரானோதான். தலைமுடி ஒன்றே எழுபது மைக்ரான் பக்கம் வரும். நிறத்தைத் தீர்மானிப்பது நைட்ரஜன் எவ்வளவு சேர்ந்தது என்பது. குறைந்தால் வெளிறிய வெள்ளி மஞ்சள், கூடினால் செம்பு சாயல். அதனால் இரண்டு லாட்டும் ஒரே நிறமாக இருப்பதை வைத்துப் பிடிமானத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பிடிமானம் எங்கே முடிவாகிறது என்றால், அணுக்கள் என்ன வேகத்தில் வந்து இறங்கின என்பதில். உலோகத்தை வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கிப் படியவிட்டால், ஓர் அணு கொண்டுவரும் ஆற்றல் 0.1, 0.2 எலக்ட்ரான் வோல்ட்தான் (ஒரு வோல்ட் மின்னழுத்தத்தில் ஓர் எலக்ட்ரான் பெறும் ஆற்றல்தான் ஓர் எலக்ட்ரான் வோல்ட்). மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் ஓர் அணுவைப் பிய்த்தெடுக்கவோ தாமிரம், தங்கம் போன்றவற்றில் நாலுக்குச் சற்றுக் கீழே, டங்ஸ்டனில் எட்டுக்கு மேலே வேண்டும். ஆக ஆவியாக வரும் அணு விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இடம் பார்த்து நகர அதனிடம் தெம்பு இல்லை. பாத்திரத்துக்கு எதிர்மின் அழுத்தம் கொடுத்தால் கதை மாறுகிறது. 100 வோல்ட் கொடுத்தால், ஒற்றை மின்னூட்டம் உள்ள அயனி 100 எலக்ட்ரான் வோல்ட்டோடு வந்து மோதும். ஆவி அணுவோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு. அந்த அடியில்தான் படலம் இறுகுகிறது, அடிப்பரப்போடு கலக்கிறது. சரியாக அடித்த லாட் நிற்கும். அடிக்காததும் உரியும், அளவு மீறி அடித்ததும் உரியும்.

நாச்சியார்கோவில் பட்டறை

நல்ல இழை. நமக்குக் குத்துவிளக்குப் பட்டறை, வார்ப்பும் கடைசலும். ஒரு சந்தேகம். அறைக்குள் ஆர்கான் விட்டுத்தான் சுத்தம் செய்வோம் என்று பூச்சுக்காரர்கள் சொல்கிறார்கள். ஆர்கான் எதோடும் சேராத வாயு என்று பள்ளியில் படித்தது. எதோடும் சேராதது அழுக்கை எப்படி எடுக்கும்? நாங்கள் புளியும் எலுமிச்சையும் போடுவது அது வினை செய்யும் என்பதால்தானே?

மென்படலம்

அருமையான கேள்வி அண்ணே. ஆர்கான் வினை செய்வதில்லை, இடிக்கிறது. அவ்வளவுதான். எதோடும் சேராது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். இடித்துவிட்டுப் போகும், தன் பங்குக்குப் புது அழுக்கு எதையும் வைக்காது.

அறையில் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் இருக்கும். மின்னழுத்தம் கொடுத்ததும் ஊதா நிறத்தில் ஒளிரும், அதுதான் பிளாஸ்மா. அதிலிருந்து நேர்மின் அயனிகள் பாத்திரத்தை நோக்கி இழுபட்டுப் பாய்கின்றன. ஓர் அயனி மோதினால் மேலே உள்ள சில அடுக்குகளுக்குள் அணு அணுவை இடித்து, அந்த இடி சங்கிலியாகத் திரும்பி மேலே வந்து ஓர் அணுவையோ இரண்டையோ வெளியே தெறிக்கவிடும். இதைத்தான் ஸ்பட்டரிங் என்கிறார்கள். 500 எலக்ட்ரான் வோல்ட் ஆர்கான் அடித்தால் தாமிரத்தில் அயனிக்கு இரண்டு அணுவுக்கு மேல் தெறிக்கும், டைட்டானியத்தில் சராசரியாக அரை அணுதான். ஏறத்தாழ 20, 30 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட ஒன்றுமே தெறிக்காது.

இது புது விஷயமும் இல்லை. 1852இலேயே வில்லியம் குரோவ், மின்னிறக்கக் குழாயில் உலோகம் எதிர்முனையிலிருந்து கிளம்பிப் படிவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் உலோகம் சூடாகி ஆவியாகிறதா, இடிபட்டுத் தெறிக்கிறதா என்ற வாதம் அதற்குப் பிறகு நூறு வருடம் ஓடியது. 1950களில் வேனர் என்ற ஆய்வாளர், ஒற்றைப் படிகத்தை (அணுக்கள் முழுக்க ஒரே ஒழுங்கில் அடுக்கிய துண்டை) அடித்துப் பார்த்தார். தெறித்தவை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகாமல் படிகத்தின் குறிப்பிட்ட திசைகளில் புள்ளி புள்ளியாகப் படிந்தன. ஆவியாக இருந்தால் அப்படித் திசை பார்த்துப் போகாது. 1969இல் சிக்மண்ட் என்ற இயற்பியலாளர் இதற்குக் கணக்கே கொடுத்தார். இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறோம்.

எவர்சில்வரின் மேல் எப்போதும் ஒன்றிலிருந்து மூன்று நானோமீட்டர் வரை குரோமியம் ஆக்சைடு இருக்கும். அதற்கு மேல் எண்ணெய்ப் பசை, பாலிஷ் மெழுகு, ஈரம். சோப்பும் கரைப்பானும் பசையை எடுக்கும். ஆக்சைடை எடுக்க அறைக்குள் அயனி அடித்தால்தான் முடியும். எடுத்த பிறகும் தாமதிக்க முடியாது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு டார் (நாம் இருக்கும் காற்றின் அழுத்தம் 760 டார்) அழுத்தத்திலேயே, சுத்தமான பரப்பின் மேல் மிச்ச வாயு ஓர் அடுக்கு மூடச் சுமார் ஒரு விநாடி போதும். அதனால் அடிப்பதும் படியவைப்பதும் ஒரே மூச்சில், கதவைத் திறக்காமல் நடக்க வேண்டும். ஆர்க் முறையில், அதாவது மின்வில்லால் டைட்டானியத்தை ஆவியாக்கிப் பூசுபவர்கள், டைட்டானியம் அயனியையே 500இலிருந்து 1000 வோல்ட் வரை வைத்து முதலில் அடிப்பார்கள். அந்த அழுத்தத்தில் படிவதைவிடத் தெறிப்பதும் உள்ளே புதைவதும் அதிகம். பிறகு வோல்ட்டைக் குறைத்து நைட்ரஜனைத் திறப்பார்கள். அவசரத்துக்கு வேலை செய்யும் இடத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த அடிக்கும் நேரம்தான். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, நிறம் அப்படியே வரும்.

குடந்தைப் பாத்திரம்

தங்கச்சி, உரிந்த விளக்கை நகைக்கடை லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். உரிந்தது எல்லாம் தட்டின் அடியில், தண்டு சேரும் இடத்துக் கடைசல் வரிப்பள்ளத்தில்தான் தொடங்கியிருக்கிறது. பள்ளத்துக்குள் வெள்ளையாக, காய்ந்த பாலிஷ் மாவு மாதிரி ஏதோ அப்பியிருக்கிறது. ஊசியால் கிளறினால் உதிர்கிறது. அதை ஒட்டிச் சின்னச் சின்னக் கொப்புளம். கொப்புளத்தை நகத்தால் கீறினால் தங்கச் செதில் மேல்பக்கமாகச் சுருண்டு வருகிறது. கீழே பளபளப்பான எவர்சில்வர். துரு இல்லை. மேல்பக்கத் தட்டில் ஒரு குறையும் இல்லை.

மென்படலம்

அண்ணே, இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கீழே பளபளப்பான எவர்சில்வரே தெரிகிறது என்றால் படலத்துக்கும் எவர்சில்வருக்கும் நடுவில்தான் விட்டிருக்கிறது. படலம் நடுவில் பிளக்கவில்லை. அதாவது நைட்ரைடில் குறை இல்லை, ஏறுவதற்கு முன் அந்த இடத்தில் பரப்பு தயாராகவில்லை.

பள்ளம் ஏன் என்றால், அயனி மின்புலத்தைப் பின்பற்றித்தான் வரும். துருத்திய முனை, விளிம்பு, நுனி ஆகியவற்றில் மின்புலம் குவியும். அங்கே அடி அதிகம். குறுகலான பள்ளத்துக்குள் அயனி போவதே அபூர்வம். ஆனால் படிய வேண்டிய உலோகம் கொஞ்சம் சுற்றி வளைந்து உள்ளேயும் போய் அழுக்கின் மேலேயே உட்கார்ந்துவிடும். மேலே நிறம் வந்துவிட்டதால் பூச்சுக்காரருக்கும் சந்தேகம் வராது. விளக்கைக் கழற்றிப் பாகம் பாகமாக, சுழலும் தாங்கியில் மாட்டிப் பூசினால் பாதி பிரச்சினை தீரும். மீதிப் பாதி, அதற்கு முன் அல்ட்ராசோனிக் தொட்டியில் (காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் கழுவும் தொட்டி) பாலிஷ் மாவை முழுக்க எடுப்பது.

செதில் சுருண்டு வருகிறது என்றீர்களே, அது படலத்துக்குள் இறுக்கம் இருப்பதன் அடையாளம். அதைச் சீர்காழி அண்ணன் வந்து சொல்லட்டும், அவருக்கு இதில் என்னைவிட அனுபவம்.

சீர்காழிக்காரன்

கூப்பிட்டதற்கு நன்றிம்மா. கல்பாக்கத்தில் வேலை, ஊர் சீர்காழி.

அடி அளவு மீறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். நூறு, இருநூறு எலக்ட்ரான் வோல்ட்டோடு வரும் அயனி மேற்பரப்பில் நிற்பதில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் படலத்துக்குள் இறங்கி, ஏற்கெனவே நெருக்கமாக இருக்கும் அணுக்களின் நடுவில் செருகிக்கொள்ளும். தானும் செருகும், வழியில் உள்ளதையும் இடித்துச் செருகும். ஆர்கானே உள்ளே மாட்டிக்கொள்வதும் உண்டு. இடம் போதாமல் படலம் விரியப் பார்க்கும், கீழே உள்ள எவர்சில்வர் விடாது. அதனால் படலம் முழுக்க நெருக்கு விசையில் நிற்கும். டைட்டானியம் நைட்ரைடில் இது சில கிகாபாஸ்கல் வரை போகும். ஒரு கிகாபாஸ்கல் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் பத்தாயிரம் கிலோ. கனம் கூடக் கூட இந்த இறுக்கத்தில் சேமித்த ஆற்றலும் அதே விகிதத்தில் கூடும். ஒட்டிப் பிடிக்கும் ஆற்றலோ கனத்தைப் பொறுத்தது இல்லை. ஒரு கட்டத்தில் சேமிப்பு பிடியைத் தாண்டும், படலம் தானாகவே கொப்புளித்துக் கிளம்பும். குடந்தை அண்ணன் கேட்ட இரண்டு மடங்கு கனத்துக்கு இதுதான் பதில்.

நாச்சியார்கோவில் பட்டறை

இது எங்களுக்குப் புரிகிற கணக்கு. செம்புக் குடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் இறுக்குவார்கள். தட்டாத குடம் கை வைத்தால் நசுங்கும். தட்டு அளவு மீறினால் விளிம்பில் கீறல் விடும். அதற்கு முன்பே நெருப்பில் காட்டி இளக்கிவிட்டு மறுபடி தட்ட வேண்டும். அயனி செய்வதும் அதேதான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சீர்காழிக்காரன்

தாராளமாக அண்ணே, காரணமும் கிட்டத்தட்ட அதேதான். இளக்குவதுகூட உண்டு. படலம் வளரும்போது பாத்திரம் சூடாக இருந்தால் செருகிய அணுக்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் தேடிக்கொள்ளும், இறுக்கம் தணியும். அதனால் வெப்பம், வோல்ட், வாயு அழுத்தம் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் வரும் அணுக்கள் வழியில் வாயுவோடு முட்டி முட்டித் தெம்பிழந்து வரும். அப்போது இறுக்கம் போய் எதிர்ப்பக்கமாக, படலம் இழுபட்டு நிற்கும். அப்படி நிற்பது வெடிப்பு விடும்.

வேலையில் நாங்கள் பார்ப்பது இதே சமாச்சாரம், ஆற்றல் மட்டும் பல ஆயிரம் மடங்கு. வேக ஈனுலையின் (எரிக்கும் எரிபொருளோடு புது எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை) எஃகு உறைகளை நியூட்ரான்கள் வருடக்கணக்கில் இடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அணுவும் தன் இடத்தை விட்டுப் பல முறை தள்ளப்படும். காலியான இடங்கள் ஒன்றுசேர்ந்து எஃகுக்குள் நுண்ணிய குழிகள் ஆகும், எஃகே உப்பும். அதை அறிய வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது. அதனால் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1.7 மெகாவோல்ட் டேண்டட்ரான் முடுக்கியில் நிக்கல் போன்ற கன அயனிகளைப் பாய்ச்சி, அந்தச் சேதத்தைக் குறுகிய நேரத்தில் உண்டாக்கிப் பார்க்கிறார்கள். உள்ளே உண்டாகும் ஹீலியத்தின் பங்கைப் பார்க்க ஹீலியத்தையும் முன்கூட்டியே புகுத்துவார்கள். சேதம் மேலிருந்து ஓரிரு மைக்ரான் ஆழத்துக்குள்தான். அந்த மெல்லிய தோலிலிருந்து முழு எஃகின் நடத்தையைப் படிக்க வேண்டும். அதனால்தான் எனக்கு மென்படலக்காரர்களோடு இவ்வளவு ஒட்டுறவு.

நிலாவும் இதே அடியைத்தான் வாங்குகிறது. காற்றுமண்டலம் இல்லாததால் சூரியக்காற்றின் புரோட்டான்கள் ஏறத்தாழ ஓராயிரம் எலக்ட்ரான் வோல்ட்டோடு நேராக மண்ணில் இறங்கும். எல்லாம் மண்ணில் தங்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு வரை நடுநிலை ஹைட்ரஜன் அணுவாகத் திரும்பி எகிறுகிறது என்று காட்டியது நம் சந்திரயான்-1இல் போன சாரா கருவி. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

நாகைக் கடலோரம்

அந்த வேளாங்கண்ணி விளக்கு மாதிரியே எங்கள் வீட்டிலும் ஒன்று. ஆனால் இங்கே உரியவில்லை, ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள். உப்புக்காற்றுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். டைட்டானியத்தை உப்பு அரிக்காது என்றால் புள்ளி எங்கிருந்து வருகிறது?

மென்படலம்

அக்கா, உப்பு நைட்ரைடை அரிக்கவில்லை, அதன் இடுக்கு வழியாகக் கீழே போய் எவர்சில்வரைத் தொடுகிறது. அடி குறைந்த படலத்தில் அணுக்கள் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும் என்றேன் அல்லவா? சற்று மேடான இடம் பக்கத்துப் பள்ளத்தை மறைக்கும், மேட்டுக்கே மேலும் மேலும் அணு கிடைக்கும். கடைசியில் படலம் முழுக்கச் செங்குத்துத் தூண்களாக, நடுவில் இடுக்குகளோடு வளரும். தார்ன்டன் என்ற ஆய்வாளர் 1974இல் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்து இதற்கு ஒரு வரைபடமே போட்டார். அயனி அடித்தால் மேட்டில் உள்ளது தெறித்துப் பள்ளத்தில் விழும், இடுக்கு அடைபடும். இன்னொரு காரணமும் உண்டு. ஆர்க் முறையில் டைட்டானியம் துளித்துளியாகவும் தெறித்து வந்து படலத்தில் பதியும். பிறகு துளி உதிர்ந்தால் அந்த இடத்தில் ஓட்டை.

நாகையில் இருப்பவர்கள் துடைத்த பிறகு ஈரம் இல்லாமல் வையுங்கள். கம்பி நார் வேண்டாம். நைட்ரைடு கடினம்தான், ஆனால் கீழே உள்ள உலோகம் அவ்வளவு கடினம் இல்லை. அழுத்தித் தேய்த்தால் கீழே அமுங்கி மேலே உடையும்.

திருபுவனம் தறி

ஜரிகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? விலை குறைந்த ஜரிகையில் நிறம் சீக்கிரம் போய்விடுகிறது.

மென்படலம்

உண்டு அண்ணே. அந்த ஜரிகை பாலியெஸ்டர் தாளில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்து, மேலே நிறமுள்ள லாக்கர் பூசி, இழையாக நறுக்கியது. அலுமினியம் வெறும் ஆவியாகத்தான் வருகிறது, வேகமே இல்லை. தாளைப் பூசுவதற்கு முன் சற்று நேரம் பிளாஸ்மாவில் காட்டினால் மேலே உள்ள மூலக்கூறுகள் உடைந்து ஆக்சிஜன் ஏறி, பிடிமானம் கூடும். தாள் என்பதால் மென்மையாகத்தான் காட்ட வேண்டும், அதிகம் போனால் மேல்தோல் சிதைந்து அதுவே பிரியும். உங்கள் ஜரிகையில் போவது நிறம் மட்டும் என்றால் அது லாக்கர். வெள்ளிப் பளபளப்பே போனால் அலுமினியம். பட்டோடு வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கமுலாம் இட்ட அசல் ஜரிகையின் கதை முற்றிலும் வேறு.

நாச்சியார்கோவில் பட்டறை

இப்போது என் சொந்தக் கேள்வி. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பித்தளைக் குத்துவிளக்கு கறுக்கக்கூடாது என்கிறார்கள். வாரா வாரம் புளி போட்டுத் தேய்க்க அங்கே நேரமில்லையாம். என்னைக் கேட்டால் தேய்க்கத் தேய்க்கத்தான் விளக்குக்கு அழகு. இருந்தாலும் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பித்தளை விளக்கின் மேலேயே இந்தப் பூச்சைப் போட முடியுமா?

மென்படலம்

நேராகப் போட முடியாது அண்ணே. பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது. வெற்றிடத்தில் அது சும்மா இருக்காது. தனித் துத்தநாகம் 250 டிகிரியிலேயே வெற்றிடத்தில் தாராளமாக ஆவியாகும். பித்தளைக்குள் சற்றுக் கட்டுப்பட்டிருக்கும், ஆனால் அயனி அடியில் மேற்பரப்பு சூடாகி, தாமிரத்துக்கு முன்னால் துத்தநாகம் கிளம்பும். அறைச் சுவரெல்லாம் படிந்து மற்றவர் வேலையையும் கெடுக்கும், விளக்கின் மேல்தோல் பொறபொறவென்று செம்பாக நிற்கும். அதனால் குழாய், தாழ்ப்பாள் செய்பவர்கள் பித்தளைக்கு மேல் முதலில் நிக்கல், பிறகு குரோமியம் முலாமிட்டு, குறைந்த வெப்பத்தில் பூசுகிறார்கள். நிக்கல் அடைப்பாக நிற்கும், குரோமியம் கடினமான தளம் கொடுக்கும்.

உங்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். காவிரி வண்டல் மண்ணில் வார்த்தது என்பதால் வார்ப்பில் நுண்துளைகள் இருக்கும். முலாம் தொட்டியின் அமிலம் அந்தத் துளைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வெற்றிட அறையில் அது கொதித்து வெளியே வரும், அந்த இடத்தில் படலம் ஏறாது. ஏறினாலும் சில வாரம் கழித்துப் பச்சைப் புள்ளியாகக் கிளம்பும். முலாமுக்குப் பிறகு வெந்நீரில் மாறி மாறிக் கழுவி, அடுப்பில் நன்றாக உலர்த்தி அனுப்ப வேண்டும். உச்சியில் வரும் அன்னத்தின் அலகும் பிரபையின் நுனிகளும் இன்னொரு கவலை. கூரான முனையில் அடி குவியும், சின்ன மின்பொறி விழுந்து கரும்புள்ளி ஆகும். முனைகளைச் சற்று மழுக்கிவிடுங்கள்.

நாச்சியார்கோவில் பட்டறை

பாதம், தண்டு, தட்டு, அன்னம் எல்லாம் மரையில் கழறும், தனித்தனியாக அனுப்பலாம். மரைக்கு உள்ளே பூச்சு ஏறினால் திருகு இறுகுமா?

மென்படலம்

ஒரு மைக்ரானில் மரை இறுகாது அண்ணே, ஆனால் நிக்கல் பத்து மைக்ரான் பக்கம் ஏறும், அது இறுக்கும். மரையை மறைத்துவிட்டு முலாம் போடச் சொல்லுங்கள்.

குடந்தைப் பாத்திரம்

சரி, அடுத்த ஆர்டருக்கு அவர்களிடம் என்ன கேட்பது? கனத்தைக் கேட்கப் போவதில்லை.

சீர்காழிக்காரன்

பூசுவதற்கு முன் அறைக்குள் அயனியால் எத்தனை நிமிடம் அடிக்கிறீர்கள், எத்தனை வோல்ட்டில் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் பாதி நம்பலாம். உங்கள் பாத்திரத்தின் அதே எவர்சில்வரில் சின்ன வில்லைகளை அதே லாட்டோடு மாட்டச் சொல்லுங்கள், ஒன்றை அறையின் நடுவிலும் ஒன்றை மூலையிலும். வந்ததும் வில்லையைத் தொண்ணூறு டிகிரி மடக்குங்கள். மடிப்பில் நுண்கீறல் வருவது இயல்பு, செதில் வரக்கூடாது. பிறகு பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, ஒட்டுநாடா ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். நாகை, வேளாங்கண்ணி வாடிக்கை இருப்பதால் உப்புத்தெளிப்புச் சோதனையும் கேளுங்கள். ஐந்து சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி, அது வழக்கமாக எல்லா இடத்திலும் செய்வதுதான்.

மென்படலம்

அதோடு உரிந்த விளக்கைத் தூக்கிப் போடாதீர்கள் அண்ணே. அந்த வரிப்பள்ளத்தை லென்ஸில் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்புங்கள், ஒரு செதிலைக் கவரில் போட்டு எனக்கு வையுங்கள். செதிலின் அடிப்பக்கத்தில் பாலிஷ் மெழுகின் கார்பன் இருக்கிறதா, ஆக்சைடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். கழுவும் தொட்டியில் தவறா, அயனி அடித்ததில் தவறா என்பது அதில் தெரிந்துவிடும்.

குடந்தைப் பாத்திரம்

செதில் எடுத்து வைத்தாயிற்று தங்கச்சி. வியாழக்கிழமை திருவையாறு வருகிற வேலை இருக்கிறது, கையோடு கொண்டுவந்து தருகிறேன்.